உப்பும் சாம்பலும்: எண்ணூர்க் கழிமுகத்தின் பொருளியல் வரலாறு

நெய்தல் திணையைப் பாடிய சங்கப் புலவர்கள் கடலலையையும் தலைவியின் இரங்கலையும் பாடியதோடு நின்றுவிடவில்லை. உப்பங்கழியையும், உப்பு விளையும் பாத்தியையும், நெல்லுக்கு மாறாக உப்பை வண்டியேற்றி உள்நாடு சென்ற உமணரையும் பாடினர். ஒரு நிலத்தின் அழகை அதன் தொழிலினின்றும் பிரித்துக் காணாத பார்வை அவர்களுடையது. சென்னைக்கு வடக்கே, கொசத்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தை அப்பார்வையோடு நோக்கினால், கடந்த இருநூறு ஆண்டுகளில் இங்கே எவை பொருளாக மதிக்கப்பட்டன, எவை கணக்கில் சேராமற் போயின என்பது விளங்கும்.

கொற்றலை, குசத்தலை எனவும் வழங்கப்பெறும் இவ்வாறு ஏறத்தாழ 136 கிலோமீட்டர் ஓடி எண்ணூரில் கடலை அடைகின்றது. வடக்கே பழவேற்காட்டு ஏரியிலிருந்து வரும் காயலும், தெற்கேயிருந்து வரும் பக்கிங்காம் கால்வாயும் இங்கே அதனோடு கூடுகின்றன. நாளும் இருமுறை கடல்நீர் ஏறி வடிய, மழைக்காலத்தில் நன்னீர் வந்து சேர, இரண்டும் கலந்த அந்நீரில் கண்டல் மரங்கள் வேரூன்றின. இறாலும் நண்டும் ஆளியும், மடவை, கிழங்கான், கொடுவா முதலிய மீன்களும் அதிற் பெருகின. முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர் இந்நீரை நம்பி வாழ்ந்தவர்கள். படகோ வலையோ இல்லாத இருளர் குடும்பத்தினரோ, இடுப்பளவு நீரில் அமர்ந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பர். பிடித்ததைப் பல்லாற் கவ்விய பறியில் இடுவர். முதலீடு ஏதுமின்றி அன்றாட உணவுக்கு வழிசெய்யும் தொழில் இதனின் வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

இப்பொருளியலுக்குப் பதிவேடு கிடையாது. வரி விளையாத நிலமும் நீரும் வருவாய்த்துறையின் வழக்கில் 'புறம்போக்கு' எனப்பட்டன. ஊரார் அனைவருக்கும் பொதுவானது என்ற கருத்துடைய அச்சொல், நாளடைவில் 'எவருக்கும் உரியதன்று' எனத் திரிந்து, பின்னர் வசைச்சொல்லாகவும் இழிந்தது. சொல்லின் வீழ்ச்சியே நிலத்தின் வீழ்ச்சிக்கும் வழிகோலிற்று எனலாம்.

கழிமுகத்தில் அரசின் கண்ணுக்கு முதலிற் பட்டது உப்பு. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. உமணர் நெல்லுக்கு மாற்றிய பண்டம் அரசின் வருவாய்ப் பண்டமாயிற்று. இதே காலத்தில்தான் சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான கால்வாயும் எழுந்தது. பேசில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து வணிகரின் பொறுப்பில் 1806 அளவில் முடிவுற்று, அவர் பெயராலேயே முதலில் வழங்கிய அக்கால்வாய், பழவேற்காடு வரையிலும் நீட்டப்பெற்று, 1837இல் அரசின் கைக்கு வந்தது. எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர்ப் பகுதி உப்பளங்களின் விளைச்சலும், வடக்கேயிருந்து விறகும் சிப்பிச் சுண்ணாம்பும் இவ்வழியே படகேறி நகரை அடைந்தன. நகரின் மாடிவீடுகளுக்குப் பூசிய சுண்ணாம்பும், அடுப்பில் எரிந்த விறகும், உலையில் இட்ட உப்பும் கழிவழி வந்தவையே. உப்பைச் சேமித்த கொட்டாரம் ஆங்கிலேயர் நாவில் 'கொட்டார்ஸ்' ஆகி, 'சால்ட் கொட்டார்ஸ்' என்னும் இரயில்வே சரக்குமுனையின் பெயரில் நிலைத்தது. நம் சொல்லொன்று நம்மிடமே வேற்றுமொழிக் கோலத்தில் திரும்பி வந்த கதைகளுள் இதுவும் ஒன்று.

1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சத்தின்போது, கூலியும் கஞ்சியும் பெறும் பொருட்டுத் திரண்ட மக்களைக் கொண்டு கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வெட்டி, வடக்குக் கால்வாயையும் தெற்குக் கால்வாயையும் இணைத்தனர். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878இல் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. வெட்டியவர் பெயர் எதற்கும் சூட்டப்படவில்லை. பின்னாளில் கால்வாயை ஒட்டியே இருப்புப்பாதை ஓடத் தொடங்கியபின் படகுப் போக்குவரத்து தளர்ந்தது. 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்கள் கால்வாயை மேலும் சிதைத்தன.

தெற்கே நிகழ்ந்த மற்றொரு மாற்றத்தையும் ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கித் தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்டது. 1875இல் தொடங்கிய துறைமுகப் பணி, 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பெற்றது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே நகரும். துறைமுகச் சுவர்கள் அதனை மறித்தன. தென்புறம் மணல் குவிந்து மெரினா அகன்றது. வடபுறம் இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. மெரினாவின் மணற்பரப்பைப் பாடாத சென்னைக் கவிஞர் அரியர். அம்மணல் வடசென்னைக் குப்பங்களின் கரைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய மணல் என்பது பாட்டில் இடம்பெறவில்லை.

நீரின் கதையும் இத்தகையதே. 1944இல் பூண்டியில் கொசத்தலையின் குறுக்கே அணை கட்டப்பட்டு, சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கிய அந்நீர்த்தேக்கத்தின் நீர் சென்னைக்குத் திருப்பப்பட்டது. பெருநகர் தாகம் தீர்ந்தது உண்மையே. ஆனால் கழிமுகத்துக்கு நன்னீர் வெள்ளக்காலத்தில் மட்டுமே வரும் நிலை உண்டாயிற்று. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரையும் மிகுதியாக இறைக்கவே, கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்த்தன. இறுதியில், 2010இல், காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக்கோடி லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. ஆறு கொண்டுவரும் நன்னீரை வழியில் எடுத்துக்கொண்டு, அது கலக்கும் கடலருகே உப்புநீரைப் பெரும் பொருட்செலவில் நன்னீராக்கும் விந்தை இவ்வட்டாரத்துக்கே உரியது.

விடுதலைக்குப்பின் வந்த தொழில்களைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் கார்களைப் பூட்டி, 1955இல் அசோக் லேலண்டு ஆகி, நாடெங்கும் ஓடிய பேருந்துகளுக்கும் சரக்குந்துகளுக்கும் பிறப்பிடமாயிற்று. அதே ஆண்டில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிலும் தொடங்கிற்று. 1960களில் எண்ணூரில் உர ஆலையும், 1969இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் வந்தன. (திருவொற்றியூரில் எண்ணெய் வணிகம் செய்து, வறுமையுற்றபின் கூலிக்குச் செக்காட்டியும் இறைவனுக்கு விளக்கெரித்த கலிய நாயனாரைப் பெரியபுராணத்தில் கண்டவர்க்கு எண்ணெய் இவ்வட்டாரத்துக்குப் புதிய சரக்கன்று.) மாதச் சம்பளம், தொழிற்சங்கம், இரவுப்பணிச் சங்கொலி ஆகியவற்றோடு ஒரு புதிய வாழ்க்கை உருவாயிற்று. ஆலைவேலை பெற்றவர் வீடுகளில் பிள்ளைகள் கல்லூரிப்படி ஏறினர்.

மின்சாரம் வந்தவிதம் வேறு. 1970 முதல் 1975 வரை படிப்படியாக இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட் திறனுடையது. 2017 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. அதற்குள் 1994 முதல் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2012 முதல் வல்லூர் நிலையமும் எழுந்துவிட்டன. அவற்றுக்கு நிலக்கரி இறக்கும் தலையாய நோக்கத்தோடு 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. 2014இல் அது காமராசர் பெயர் பெற்றது. நிலக்கரியை எரித்து எஞ்சிய சாம்பலை நீரிற் கரைத்துக் குழாய்வழி செப்பாக்கத்துச் சாம்பற்குட்டைக்கு அனுப்பினர். குழாய்கள் கசிந்தன, சாம்பல் ஆற்றில் படிந்து ஆழத்தைக் குறைத்தது. இறால் தங்கும் மென்சேற்றின்மேல் சாம்பல் மூடினால், தடவும் கைக்கு இறால் அகப்படுவதெங்ஙனம்? ஆலைகளின் சூடேறிய நீரும் அதே கழியில் வந்து விழுந்தது. ஆற்றை மீட்கக் கோரிய வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல்தான் தீர்ப்பளித்தது.

1996இல் மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடம் ஏறத்தாழ 6,500 ஏக்கர்ப் பரப்புடைய இக்கழியைக் காக்கப்படவேண்டிய நீர்நிலையாகக் காட்டியது. பின்னர் வெளிப்பட்ட வேறொரு வரைபடத்தில் அது அவ்வாறு காட்டப்படாமை 2017ஆம் ஆண்டளவில் பெருஞ் சர்ச்சையாயிற்று. அதே ஆண்டில், கபேர் வாசுகி எழுத டி. எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை பொறம்போக்கு பாடல்' இக்கழியின் நீரிலும் சாம்பலிலும் நின்று படமாக்கப்பட்டது. வசையாகிவிட்ட சொல்லைப் பழைய பொருளுக்கு மீட்கும் முயற்சியைப் பாட்டு மேற்கொண்டது. பாட்டால் ஆறு மீளவில்லை. ஆயினும் எண்ணூரை ஒருமுறையும் கண்டிராத பலர் அச்சொல்லின் பழம்பொருளை அதன்வழியே அறிந்தனர்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியின் எண்ணெயை அள்ளிக்கொண்டு பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்தில் இறங்கியது. நீர்மேல் மிதந்த எண்ணெயை மீனவர் தங்கள் படகுகளிலிருந்து குவளையாலும் வாளியாலும் மொண்டெடுத்தனர். வலைகள் பயனற்றுப் போயின. அம்மாதம் 26ஆம் நாள் நள்ளிரவு உர ஆலையின் கடற்குழாயிலிருந்து அம்மோனியா கசிய, பெரியகுப்பத்து மக்கள் வீடுகளை விட்டு ஓடினர்.

எண்ணெய்க் கசிவுக்கு அரசு அறிவித்த நிவாரணத்தில் 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அடங்கும். பதிவேடு இல்லாதிருந்த கழித்தொழில் எண்ணிக்கையாக அரசாணையில் ஏறியது இவ்வாறு, இழப்பின் பெயரால். அறிவிப்பு வந்தபோதும் கண்டல் மரங்களின் தண்டுகளில் எண்ணெய் படிந்த கருங்கோடு, வெள்ளம் எட்டிய உயரத்தைக் காட்டி நின்றது.