கீறலின் வரலாறு: காரின் மேனியும் அதைத் துடைக்கும் கையும்

மோட்டார் வாகனத்தின் வரலாற்றை எழுதியவர்கள் அதன் இயந்திரத்தையும் வேகத்தையும் பற்றி ஏராளமாக எழுதியுள்ளனர். அதன் மேற்பூச்சைப் பற்றியும், அப்பூச்சைத் துடைக்க மனிதன் கையாண்ட கருவிகளைப் பற்றியும் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. புலம்பெயர்ந்து வாழும் நண்பர்கள் சிலர், ஊரிலே தந்தையார் விட்டுச்சென்ற பழைய மொரிஸ் மைனரையோ ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையோ புதுக்கொலிவுடன் பார்க்க விரும்புவதாக எழுதுகின்றனர். எந்தத் துணி, எந்தத் தூரிகை, எந்த இயந்திரம் என்று கேட்கின்றனர். அக்கேள்விக்கு விடையளிப்பதற்கு முன்னர், காரின் தோல் எவ்வாறு உருவானது என்பதைச் சிறிது பின்னோக்கிப் பார்ப்பது அவசியமாகிறது.

வண்டிக்காரன் வார்னிஷிலிருந்து டியூக்கோ வரை

முதல் மோட்டார்க் கார்கள் குதிரை வண்டிகளைச் செய்தவர்களின் பட்டறைகளிலேயே நிறம் பெற்றன. எண்ணெயும் பிசினும் கலந்த வார்னிஷை ஒரு பூச்சுப் பூசி, பல நாள் உலரவிட்டு, நுரைக்கல் தூளால் தேய்த்து, மீண்டும் பூசுவார்கள். ஒரு வண்டி முடிவதற்குப் பல வாரங்கள் பிடித்தன. ஹென்றி ஃபோர்ட் தமது ‘மொடல் ரீ’ காரை 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றமைக்கும் பூச்சு உலரும் நேரமே ஒரு முக்கிய காரணம் என்பர்.

இந்த முட்டுக்கட்டையை நீக்கியது முதலாம் உலகப் போரின் எச்சம் எனலாம். வெடிமருந்துக்காகப் பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட நைட்ரோசெலுலோசுக்குப் போரின் பின் வேறு பயன் தேட வேண்டியிருந்தது. டூபொன்ற் நிறுவனம் அதிலிருந்து ‘டியூக்கோ’ என்ற விரைந்துலரும் பூச்சை உருவாக்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் தனது ஓக்லண்ட் கார்களின் 1924ஆம் ஆண்டு வரிசைக்கு அதனைப் பயன்படுத்தியது. வாரங்கள் மணித்தியாலங்களாகச் சுருங்கின; கார்கள் பல வண்ணங்களில் வீதிக்கு வந்தன.

ஆனால் புதிய பூச்சு வெயிலில் மங்கியது. மேற்பரப்பு சுண்ணாம்பு பூத்தாற்போல வெளிறும். அதனை மெல்லத் தேய்த்து நீக்கினால் அடியிலிருந்து புது நிறம் வெளிப்படும். மினுக்கு மெழுகுகளும் ‘கொம்பவுண்ட்’ எனப்படும் தேய்ப்புப் பசைகளும் பெரும் வணிகமாக வளர்ந்தமைக்கு இதுவே காரணம். தேய்ப்பது அக்காலத்தில் பராமரிப்பாகவே கருதப்பட்டது. அப்பழக்கம், அதற்குக் காரணமாயிருந்த பூச்சு மறைந்த பின்னரும் மறையவில்லை.

இவ்விடத்தில் மெழுகைப் பற்றி ஒரு வார்த்தை. கார் மெழுகுகளில் பெயர்பெற்ற ‘கர்னோபா’ வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு விசிறியோலை மரத்தின் இலையில் படியும் மெழுகாகும். ஓலைகளை வெட்டி, உலர்த்தி, அடித்து அந்தத் தூளை எடுக்கின்றனர். தாவரவியலாளரின் பகுப்பில் அம்மரமும் எங்கள் பனையும் ஒரே குடும்பம். மெழுகு காரின் மேற்பரப்பை வழுக்கச் செய்கிறது. சிறு கீறல்களை நிரப்பி மறைக்கிறது. ஆனால் கீறலை அது நீக்குவதில்லை. மழையும் வெயிலும் மெழுகைக் கரைத்ததும் கீறல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கீறுவது எது?

ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரீட்ரிக் மோஸ் 1812இல் கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். அதில் குவார்ட்ஸின் இடம் 7. கண்ணாடியும் சாதாரண இரும்பும் அதற்குக் கீழே. காரின் பூச்சோ ஒருவகைப் பிளாஸ்ரிக், இவையெல்லாவற்றிலும் மென்மையானது. வீதிப் புழுதியில் மிகுதியாக இருப்பது குவார்ட்ஸ் மணலே. வடமராட்சி கிழக்கில் ஆம்பன், மணற்காடு ஆகிய இடங்களின் வெண்மணல் கண்ணாடி செய்வதற்கேற்ற சிலிக்கா என்பதை அப்பகுதியினர் அறிவர். அத்தகைய மணலின் ஒரு துகள் துணிக்கும் காருக்கும் இடையே அகப்பட்டால், துணி எவ்வளவு மென்மையாக இருந்தும் பயனில்லை. துணி வெறும் பிடியாகிறது. கீறும் உளி அத்துகளே.

ஆகவே ஒரு கருவியைத் தெரிவு செய்யும்போது ‘இது மென்மையானதா?’ என்று மட்டும் கேட்பது போதாது. ‘இதில் ஒட்டும் துகள் எங்கே போகும்?’ என்று கேட்க வேண்டும். கடந்த நூறாண்டுக் கருவிகளை இந்த ஒரு கேள்வியால் அளந்துவிடலாம்.

தட்டையான ஸ்பொஞ் துகளைத் தன் முகத்திலேயே வைத்திருக்கிறது. அது செல்லுமிடமெல்லாம் துகளும் இழுபடும். மீனெண்ணெயில் பதனிட்ட ஆட்டுத்தோல், அதாவது ‘சமோய்’ தோல், நீரை நன்றாக உறிஞ்சும். ஆனால் அதற்கும் துகள் ஒதுங்க மயிர் இல்லை. முற்றாகக் கழுவிய காரில் மட்டுமே அது பாதுகாப்பானது. நீண்ட மயிருள்ள செம்மறித்தோல் கையுறை துகளைத் தன் மயிருக்குள் உள்வாங்குகிறது. தும்புத் தூரிகை ரயருக்கும் மட்காப்புக்கும் உரியது, பூச்சுக்கு உரியதன்று.

இயந்திரங்களின் கதையும் இதுவே. 1962இல் ஜெர்மனியின் ஓக்ஸ்பர்க் நகரில் இருவர் தானாக இயங்கும் கார் கழுவும் அமைப்புக்குக் காப்புரிமை கோரினர். சுழலும் தூரிகைகளைக் கொண்ட இத்தகைய நிலையங்கள் பின்னர் உலகெங்கும் பரவின. முந்திய காரின் மணலை அடுத்த காரின்மேல் தேய்ப்பது அவற்றின் பிறவிக் குறை. மாறாக, கேர்ஹர் நிறுவனம் 1950இல் ஐரோப்பாவில் அறிமுகப்படுத்திய உயரழுத்த நீர்க்கருவி பூச்சைத் தொடாமலே மண்ணை அகற்றியது. தொடாத கருவி கீறாது. பழைய பூச்சில் வெடிப்பு இருந்தால் மட்டும் தூரத்தில் நின்று பயன்படுத்த வேண்டும், இல்லையேல் பூச்சையே பெயர்த்துவிடும்.

துணியின் வரலாற்றில் பெரிய திருப்பம் ஜப்பானில் நிகழ்ந்தது. தோறே நிறுவனத்தின் விஞ்ஞானி மியோஷி ஒகமோட்டோ 1970இல் மிக நுண்ணிய செயற்கை இழைகளைக் கொண்டு தோலை ஒத்த துணியொன்றை உருவாக்கினார். ஒன்பதாயிரம் மீற்றர் நீள இழை ஒரு கிராமுக்கும் குறைவாக நிறுத்தால் அதனை மைக்ரோஃபைபர் என்பர்; பட்டிழையிலும் மெல்லியது. பொலியெஸ்ரரையும் பொலியமைட்டையும் சேர்த்து நூற்று, பின்னர் பிளந்த இழைகளால் ஆன துடைப்புத் துணிகள் 1990களில் உலகெங்கும் பரவின. பிளந்த இழைகளின் இடுக்குகள் துகளை மேற்பரப்பிலிருந்து தூக்கித் தம்முள் வைத்துக்கொள்கின்றன. கார்ப் பூச்சில் ஒட்டியிருக்கும் இரும்புத்தூளையும் தாரையும் இழுத்தெடுக்கும் களிமண் கட்டியும் ஜப்பானில் தோன்றி, அதே தசாப்தத்தில் பிற நாடுகளுக்குப் பரவியதே.

செய்தித்தாளிலும் மெல்லிய தோல்

கருவிகள் முன்னேறிக்கொண்டிருந்த வேளையில் பூச்சு மெலிந்தது. 1980களில் நிறப் படையின்மேல் நிறமற்ற தெளிபூச்சொன்றை இடும் முறை பரவலாயிற்று. இன்றைய கார் ஒன்றில் எல்லாப் படைகளும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்கிரோன்; தெளிபூச்சு மட்டும் ஏறத்தாழ 40 முதல் 50. என் தொழிலோடு சேர்த்துச் சொல்வதானால், வாசகர் காலையில் புரட்டும் செய்தித்தாளிலும் மெல்லியது அது. சூரிய ஒளியிலிருந்து நிறத்தைக் காப்பது அந்தப் படையே. ஒவ்வொரு முறை இயந்திரத்தால் மினுக்கும்போதும் அதில் ஒரு பங்கு போகிறது. போனது திரும்ப வளர்வதில்லை.

வெயிலில் காரின் மேல் சிலந்தி வலை போன்று வட்டமாகத் தோன்றும் கீறல்களைப் பலர் கண்டிருப்பர். வட்டமாகத் துடைத்ததால் மட்டுமே அவை வருகின்றன என்று எண்ணுவது சரியன்று. கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. சூரியனின் பிம்பத்தைச் சுற்றி அமைந்தவை மாத்திரமே ஒளியை எம் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டமாகத் தெரிகின்றன. நேர்கோட்டில் துடைப்பதன் நன்மை, தவறி ஒரு கீறல் விழுந்தாலும் அது ஒரு திசையில் மட்டுமே தெரியும் என்பதுதான்.

யாழ்ப்பாணத்துக் கார்கள்

எங்கள் நாட்டில் பழைய கார்கள் நிலைத்தமைக்கு அன்பு மட்டும் காரணமன்று. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுகியது; 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை இருந்ததையே ஓட்ட வேண்டியிருந்தது. வடக்கிலோ அந்தக் காலம் இன்னும் நீண்டது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோல் தடைசெய்யப்பட, யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. துளிப் பெற்றோலை ஊற்றி இயந்திரத்தைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய அந்தச் சாரதிகளின் கைத்திறன் தனியாக எழுதப்பட வேண்டியது. ஐம்பதுகளின் கார்கள் அவ்வாறுதான் இந்த நூற்றாண்டைக் கண்டன.

அண்மைக்காலத்திலும் அந்நிலை முற்றாக மாறவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. காரை மாற்ற இயலாத நாட்டில் அதன் பூச்சைக் காப்பது ஆடம்பரமன்று. கடற்காற்று வீசும் குடாநாட்டில் பூச்சைக் கடந்து தகட்டைத் தொட்ட கீறல் துருவின் வாசலாகும்.

என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. மறுபூச்சுக் காணாத ஐம்பதுகளின் கார்கள் இன்று மிகச் சிலவே. அவற்றின் பூச்சு தெளிபடை அற்ற ஒற்றை நிறப்பூச்சு. மினுக்கும்போது துணியில் நிறம் ஏறும். ‘அழுக்குப் போகிறது’ என்று மகிழ்வார்கள். போவது அழுக்கன்று, 1950களின் நிறம். விடுமுறைக்கு வரும் உறவினரின் ஆசைக்காக, ஒற்றை அச்சில் சுழலும் இயந்திரத்தையும் கரடுமுரடான பசையையும் கொண்டு ஒரே நாளில் கண்ணாடியாக்கப்படும் கார்களில், விளிம்புகளில் தகடு தெரியும்வரை தேய்த்திருப்பதைக் கண்டிருக்கிறேன். சொந்தப் பூச்சு ஒருமுறைதான் உண்டு. பின்னர் அடிக்கப்படுவது எவ்வளவு அழகாயினும் வேறொரு பூச்சே.

கையாளும் முறை

இந்த வரலாறு கற்பிக்கும் நடைமுறை எளியது. முதலாவது, உலர்ந்த காரைத் துடைக்கவே கூடாது. காலையில் தரிப்பிடத்தில் நின்று உலர்ந்த துணியால் புழுதி தட்டும் வாடகைக் கார்ச் சாரதிகளை யாவரும் கண்டிருப்போம். அக்கறையில் பிறந்த பழக்கமே ஆயினும், அதிக கீறல்களைத் தருவது அதுவே.

நிழலில் நிறுத்தி, முதலில் நீரை மட்டும் தாராளமாகப் பாய்ச்ச வேண்டும். இரண்டு வாளிகள் தேவை: ஒன்றில் காருக்கான ஷாம்பு நீர், மற்றதில் வெறும் நீர். கையுறையை ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் அலசிய பின்னரே ஷாம்பு நீரில் தோய்க்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வரவேண்டும். மண் மிகுந்த அடிப்பாகம் கடைசி. சில்லுகளுக்குத் தனிவாளியும் தனித்தூரிகையும் வைத்திருப்பது நல்லது.

துடைப்பதற்குத் தடித்த குஞ்சமுள்ள மைக்ரோஃபைபர் துவாய் ஏற்றது. அதன் ஓரத்திலுள்ள அடையாளச் சீட்டை வெட்டி நீக்கவும். தடித்த தையலோரம் உள்ளவற்றைத் தவிர்க்கவும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையிலிருந்து வருவது. வெயிலில் தானாக உலரவிட்டால் வெண்புள்ளிகள் படிந்து பூச்சில் ஊறிவிடும். அவற்றை நீக்க மீண்டும் தேய்க்க வேண்டிவரும். ஆகவே கழுவியவுடன் துவாயைப் பரப்பி ஒற்றி எடுத்தல் நன்று. நிலத்தில் விழுந்த துணியை எடுத்து மீண்டும் பயன்படுத்தலாகாது. மைக்ரோஃபைபரைப் பருத்தித் துணிகளுடன் சேர்த்துத் துவைப்பதும், துணி மென்மையாக்கும் திரவம் இடுவதும் அதன் இடுக்குகளை அடைத்துவிடும்.

களிமண் கட்டியை வழுக்கும் திரவத்துடன் மட்டுமே கையாள வேண்டும். கீழே விழுந்த கட்டி குப்பைக்குரியது. இயந்திரத்தால் மினுக்கத்தான் வேண்டுமெனில், சுழற்சியுடன் அலைவும் சேர்ந்த இரட்டை இயக்க இயந்திரமே பழகாத கைக்கு உகந்தது. அது ஓரிடத்தில் வெப்பத்தைக் குவிப்பதில்லை. மிக மென்மையான பஞ்சுத் தட்டையும் மிக நுண்ணிய பசையையும் கொண்டு, ஒரு சாண் இடத்தில் முதலில் சோதிக்கவும். அது போதாவிட்டாலே அடுத்த படிக்குச் செல்லலாம். விளிம்புகளையும் மடிப்புகளையும் ஒட்டுநாடாவால் மூடுக. பூச்சு மிக மெல்லியதாக இருப்பது அங்கேதான். தகட்டின்மேல் வைத்துத் தடிப்பை அளக்கும் சிறு கருவி இப்போது எளிதில் கிடைக்கிறது. பழைய காரை மினுக்கக் கொடுப்பவர், வேலை தொடங்குமுன் பல இடங்களில் அளந்து எழுதித் தருமாறு கேட்பது அவரது உரிமை.

எல்லாக் கீறலையும் நீக்கியே தீரவேண்டும் என்பதில்லை. எழுபது ஆண்டுகள் ஓடிய காரில் நகம் தட்டுப்படாத மென்கீறல்கள் இருப்பது இயல்பே. நன்றாகக் கழுவி, மெழுகிட்டு, மூடிவைத்தால் எஞ்சியிருக்கும் பூச்சு அடுத்த தலைமுறைக்கும் போய்ச்சேரும். தந்தையார் வாங்கிய நிறம் எதுவென்று பேரப்பிள்ளைகள் புகைப்படத்தில் தேட வேண்டிய நிலை வராதிருக்க அது போதுமானது.