நோட்டிலிருந்து கம்ப்யூட்டர் வரை: நம் கணக்கு யார் கையில்?



மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தா என்று செயலாளர் அக்கா கேட்டபோது, எனக்கு என்ன எழுதத் தெரியும் என்று தயங்கினேன். "உனக்குத்தான் கணக்கு நோட்டு தெரியுமே, அதையே எழுதேன்" என்றார். நான் பத்தாம் வகுப்பு படித்தவள். குழுவில் ஊக்குநராக இருந்து, இப்போது கூட்டமைப்பில் கணக்கு எழுதுகிறேன். நம்மைப் போன்ற பெண்கள் அமைப்புகளுக்குள் கருவிகள் எப்படி வந்தன, அதில் நாம் என்ன பாடு பட்டோம் என்பதைப் பயிற்சிகளில் கேட்டது, படித்தது, பட்டது எல்லாம் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் குஜராத்துக்குப் போவோம். அகமதாபாத்தில் இலா பட் அம்மையார் 1972-இல் சேவா சங்கத்தைத் தொடங்கினார். காய்கறி விற்பவர்கள், பீடி சுற்றுபவர்கள், கூலி வேலை செய்பவர்கள்தான் உறுப்பினர்கள். 1974-இல் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கியே ஆரம்பித்தார்கள். ஆனால் பெரும்பாலானோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கையெழுத்து இல்லாமல் வங்கியில் ஆளை எப்படி அடையாளம் காண்பது? அதற்கு அவர்கள் கண்ட வழி ஒரு சிலேட்டும் கேமராவும். அந்தப் பெண் சிலேட்டைப் பிடித்தபடி போட்டோ எடுத்து, அதையே அடையாளமாகப் பாஸ்புக்கில் ஒட்டினார்கள். கேமரா இருக்கிறதே, அதை வைத்து என்ன செய்யலாம் என்று அவர்கள் யோசிக்கவில்லை. நம் பெண்ணுக்கு என்ன தடை என்று பார்த்து, அதற்கு ஏற்ற கருவியைத் தேடினார்கள்.

அடுத்தது நமக்குப் பக்கத்துப் புதுச்சேரி. 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கம்ப்யூட்டரை இறக்கி வைப்பதற்கு முன்பே ஊர் மக்களிடம் போய், உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். இடம் ஊர் கொடுக்க வேண்டும், எல்லாச் சாதியாரும் உள்ளே வர முடிய வேண்டும் என்பது நிபந்தனை. மையத்தை நடத்தியவர்களில் ஊர்ப் பெண்கள் நிறையப் பேர். வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்கே கேட்டது, நாளைக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்பது. அந்த விவரத்தை அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து தினமும் எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். கம்ப்யூட்டரைத் தொடாதவர்களுக்கும் காதில் விழுந்தது.

அதே பக்கத்தில் நல்லவாடு என்ற ஊர். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் மையத்தின் ஒலிபெருக்கியில் எல்லோரும் ஓடுங்கள் என்று அறிவித்தார்கள். ஊர் பிழைத்தது. ஒரு போன், ஒரு மைக், அதைப் போடத் தெரிந்த உள்ளூர் ஆள், இவ்வளவுதான்.

மூன்றாவது ஜார்கண்ட். அங்கே பிரதான் என்ற தொண்டு நிறுவனம் அமைத்த குழுக்களில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் "கம்ப்யூட்டர் முன்ஷி" என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். முன்ஷி என்றால் கணக்குப்பிள்ளை. கூட்டம் முடிந்ததும் அந்த வாரத்து வரவு செலவுச் சீட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டி முன்ஷிக்கு அனுப்புவார்கள். அவர் கம்ப்யூட்டரில் ஏற்றி, அச்சடித்த கணக்கை அதே பெட்டியில் திருப்பி அனுப்புவார். அடுத்த கூட்டத்தில் அதை எல்லோர் முன்னாலும் வாசித்துச் சரிபார்ப்பார்கள். இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். முன்ஷிக்குக் கூலி கொடுப்பது குழுக்கள். அதனால் தப்பு வந்தால் அவரைக் கேள்வி கேட்கலாம். கம்ப்யூட்டர் அவரிடம் இருந்தாலும், கணக்கு வாராவாரம் பெண்கள் கைக்கே திரும்பி வந்தது.

நம் தமிழ்நாட்டில் குழுக்கள் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கின. 1992-இல் நபார்டு குழுக்களை வங்கிக் கடனோடு இணைத்தது. 1997-98-இல் மகளிர் திட்டம் வந்தது. அப்போது நம்மிடம் இருந்ததெல்லாம் தகரப் பெட்டி, தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், பேரேடு, பாஸ்புக், கைநாட்டு வைக்க ஒரு மை டப்பா. 2015-இல் நபார்டு இ-சக்தி என்று குழுக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கியது. இப்போது எல்லாமே செல்போனில் வருகிறது.

நம் கூட்டமைப்புக்குக் கம்ப்யூட்டர் வந்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு நிறுவனம் அன்பளிப்பாகக் கொடுத்தது. குத்துவிளக்கு ஏற்றி, பொட்டு வைத்து, துணி போட்டு மூடி வைத்தோம். இயக்கத் தெரிந்தவர் ஒரே ஒரு தம்பி. பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கே, பாஸ்புக் எதுக்குன்னு சொன்னது யார் தெரியுமா? நான்தான். இரண்டு வேலை எதற்கு என்று நினைத்தேன்.

எட்டு மாதத்தில் தம்பிக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அடுத்த மழையில் இடி விழுந்து கம்ப்யூட்டரும் போனது. கையில் இருந்தது பழைய அச்சுத்தாள் ஒன்றுதான். அதில் நம் அக்கா ஒருவருக்கு மூன்று தவணை பாக்கி என்று இருந்தது. அவர் கட்டிவிட்டேன் என்றார். பாஸ்புக்கில் அந்த மாதங்கள் காலி. கூட்டத்தில் எல்லோரும் அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சுக் கட்டுன பணம்டி" என்று அழுதார். மூன்று நாள் தேடி, ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைக் கண்டுபிடித்தோம். மூன்று தவணையும் கட்டியிருந்தார். நான் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தார். ஆனால் அதன் பிறகு ஒரு வருடம் அவர் கூட்டமைப்பில் கடன் கேட்கவே இல்லை.

பணம் தொலைந்திருந்தால் சேர்த்துவிடலாம் சகோதரிகளே. நம்பிக்கை தொலைந்தால் கூட்டமைப்பு எதற்கு?

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செல்போன் செயலியில் வங்கிக்குக் கணக்குச் சீக்கிரம் போகிறது, கடன் சீக்கிரம் வருகிறது. அது நமக்கு வேண்டும். ஆனால் எந்தக் கருவி வந்தாலும் முதலில் நாம் கூடி உட்கார்ந்து பேச வேண்டும். இது நம்முடைய எந்தக் கஷ்டத்தைத் தீர்க்கும்? நம்மில் யார் இதைக் கற்றுக்கொள்வார்? அவர் போனால் அடுத்து யார்? ரிப்பேர் ஆனால், ரீசார்ஜ் செய்ய, பணம் எங்கிருந்து வரும்? இதற்குப் பதில் இல்லையென்றால், இலவசமாகக் கொடுத்தாலும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத் துணிய வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் தீர்மான நோட்டில் எழுத மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். கூட்டமைப்பிலிருந்து குறைந்தது மூன்று பெண்கள் செயலியில் பதியக் கற்க வேண்டும். பாஸ்வேர்டை எழுதி, உறையில் ஒட்டி, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்திட்டுப் பெட்டியில் பூட்ட வேண்டும். செல்போனில் ஏற்றிய கணக்கை மாதாமாதம் கூட்டத்தில் சத்தமாக வாசித்து, அன்றே பாஸ்புக்கிலும் எழுத வேண்டும்.

கற்றுக்கொள்ளும் மூவரில் ஒருத்தியாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு பெயர் யாருடையது?