செக்ரோலில் மூன்றாவது ஆள்

மலாக்கா பத்து பெரண்டாமில் குடியேறி முப்பது வருஷமாகிறது. யாராவது வழி கேட்டால் விமான நிலையத்தைத்தான் அடையாளம் சொல்வேன். பிறந்தது ரப்பர்த் தோட்டத்தில். பால்மரங்கள் போய் அங்கே இப்போது வரிசை வீடுகள். தோட்டம் கைமாறியபோது ஆபீஸ் புத்தகங்களைக் குவித்து எரித்துவிட்டார்கள். கணக்கெழுதிய பழைய கிராணி வீட்டில், ஆள் வருகையைக் குறிக்கும் செக்ரோல் ஒன்றே ஒன்று தப்பிக் கிடந்தது, கறையான் தின்றது போக.

அகலமான தாள். இடது ஓரத்தில் எண், அடுத்து ஆங்கிலத்தில் பெயர், அப்புறம் முப்பத்தொரு கட்டம். காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு வந்த நாளுக்கெல்லாம் ஒரு கோடு. பாட்டியின் பெயர் இருந்தது. பக்கத்தில் ரோமன் எண்ணில் மூன்று. அதே பெயரில் தோட்டத்தில் இன்னும் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. எந்த ஜில்லாவிலிருந்து கப்பலேறினாள் என்று தேடிப் போனவனுக்கு, அந்த மாதம் அவள் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை என்பதுதான் கிடைத்தது.

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் புத்தகம் எதற்கென்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1907இல் தமிழ்க் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஆட்களைக் கப்பலில் கொண்டுவரும் செலவு அதிலிருந்து போனது. தோட்ட முதலாளிகள் அதற்குக் கட்டணம் கட்டினார்கள், கூலிகள் எத்தனை நாள் வேலை செய்தார்களோ அந்தக் கணக்குப்படி. நாள் கணக்கு பிசகக் கூடாது. ஆள் எந்த ஊராக இருந்தால் என்ன?

மலாக்காவில் 1896இல் முதன்முதலாக ரப்பரைத் தோட்டப்பயிராக வைத்த டான் சாய் யான் என்பவரை எல்லாரும் அறிவார்கள். புக்கிட் லிந்தாங், பிறகு புக்கிட் ஆசஹான். முதலாளி என்றால் இடமும் வருஷமும் அத்துப்படி.

தமிழன் பெயரே மலாக்கா ஏடுகளில் ஏறவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1781இல் டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் பொய்யாத விநாயகர் கோயில் எழும்பியது. முன்னின்ற தெய்வநாயகம் செட்டியின் பெயர் இன்றும் நிற்கிறது. டச்சுக்காரர்கள் அநாதைப் பிள்ளைகளின் சொத்துகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அலுவலகமே வைத்திருந்தார்கள். அந்த மலாக்காக் கட்டுகள் இன்று லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சொத்து வைத்துவிட்டுச் செத்தவனுக்கு உயிலும் பட்டியலும் உண்டு. பாட்டி வைத்துவிட்டுப் போனது ஓர் அம்மியும் இரண்டு கோழியும்.

மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா சின்ன வயதில் இங்கே தமிழ் படித்தவர். மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கம், கணக்கு வழக்குக்கு அது வேண்டியிருந்தது என்று தன் வரலாற்றில் எழுதுகிறார். கணக்குக்குத் தமிழ் என்றிருந்த ஊரில், பிற்காலத்தில் தமிழச்சியை ஆங்கிலத்தில் எண்ணிக்கொண்டிருந்தார்கள்!

மாசி மகத்துக்கு முருகன் ரதம் செங் சன்னாசிமலைக் கோயிலுக்கு வரும். எங்களுக்கு அது பக்கம்தான். சிதறிப்போன தோட்டத்து ஆட்களை அங்கே பார்க்கலாம் என்று நோட்டுப் புத்தகத்தோடு போவேன். போன முறை மரத்தடியில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தார். பாட்டி பேரைச் சொன்னேன்.

"எந்த ஆளு, தம்பி? அந்தப் பேர்ல மூணு பேரு இருந்தாங்களே."

"மூணாவது ஆளு, பாட்டி."

"அட, அவளா! பீச்சாங்கைக்காரிப்பா. உளிய மாத்திப் புடிப்பா. மண்டோர் ஏசாத நாளில்ல."

நோட்டில் அதை எழுதிக்கொண்டேன், தமிழில்.