காமாலைக் கணக்கிலிருந்து நோயாளிக் கணக்கு வரை: ஹெபடைடிஸ் ஒழிப்புத் தரவுகளும் வல்லம் வடகாலும்

முன்னுரை

2016 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, 2030க்குள் வைரஸ் ஹெபடைடிஸை ஒழிக்க உறுதி பூண்டது. புதிய தொற்றை 90 விழுக்காடும் இறப்பை 65 விழுக்காடும் குறைப்பது இலக்கு. அதை எட்டியதை ஒவ்வொரு நாடும் எண்களால் நிறுவ வேண்டும். இந்தியா அந்த எண்களைத் திரட்டக் கற்ற வரலாற்றையும், காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தில் அந்த முறை சந்திக்கும் சோதனையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

காமாலைக் கணக்கு

1955–56இல் யமுனையில் கலந்த சாக்கடை நீர் டெல்லியில் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலையை உண்டாக்கியது. அது ஹெபடைடிஸ் ஈ என்பது பல ஆண்டுகள் கழித்தே உறுதியானது. குடிநீர் கெட்டு ஊரே படுத்தால் எண்ணுவது என்னும் பழக்கம் அதன் பிறகும் நீடித்தது. 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் படிவங்களே அதற்குச் சான்று. கிராம சுகாதார செவிலியர் நிரப்பும் படிவத்தில் நான்கு வாரத்துக்கு உட்பட்ட காமாலைக்கு இடம் இருந்தது. ஆய்வகப் படிவத்தில் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டுக்கும் இடம் இருந்தது. பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் கல்லீரலை அரிக்கும் பி, சி வகைகள் இந்த வலையில் சிக்கவில்லை.

ஊசிக் கணக்கு

அடுத்த கட்டத்தில் தடுப்பூசி எண்ணப்பட்டது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2002இல் சோதனை முறையில் தொடங்கி, 2007–08இல் தமிழ்நாடு உள்ளிட்ட 10 மாநிலங்களுக்கும் 2011இல் நாடு முழுமைக்கும் விரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஹெபடைடிஸ் பி உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் போடப்பட்டது. எத்தனை குழந்தைகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது என்பதை இக்கணக்கு சொன்னது. ஏற்கெனவே தொற்றோடு வாழும் பெரியவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

நோயாளிக் கணக்கு

2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் இந்தக் குறையை நிரப்ப வந்தது. பரிசோதனை செய்துகொண்டவர், தொற்று உறுதியானவர், சிகிச்சை தொடங்கியவர், முடித்தவர் எனப் படிப்படியாகப் பதிவு செய்வது இதன் முறை. ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகும். ஆகவே அதன் கணக்கை முடித்துவைக்கலாம். ஹெபடைடிஸ் பி-க்குச் சிகிச்சை தேவைப்படுவோர் பலர் ஆண்டுக்கணக்கில் மாத்திரை எடுக்க வேண்டும். தொடர்ந்து எண்ணினால்தான் அங்கே கணக்கு கணக்காகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் இந்தியாவில் 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி-யுடனும் 55 லட்சம் பேர் சி-யுடனும் வாழ்ந்தனர். உலக அளவில் பி தொற்றுள்ளவர்களில் 13 விழுக்காட்டினரே அது தெரிந்தவர்கள். சிகிச்சை பெற்றோர் 3 விழுக்காடு.

வல்லம் வடகால் முன்வைக்கும் கேள்வி

2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்தில் உள்ள வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. இத்தடத்தில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு இன்று பதினெட்டு வயதுக்கு மேல். அதாவது, தடுப்பூசி எல்லா மாநிலத்துக்கும் வருவதற்கு முன் பிறந்த தலைமுறை இது.

வெளிமாவட்டத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு ஹெபடைடிஸ் பி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொற்று பதிவாவது காஞ்சிபுரம் மாவட்டத்தில். ஒப்பந்தம் முடிந்து, திருமணமாகி, அவர் பிள்ளை பெறுவது சொந்த ஊரில். பிறந்த 24 மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாக வேண்டும். தாய்க்குத் தொற்று இருப்பது தெரிந்தால் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பொருள் ஊசியும் சேர்த்துத் தர வேண்டும். தாயின் பதிவு அவரோடு ஊர் போய்ச் சேரவில்லை என்றால், ஒரு மாவட்டத்தில் சிகிச்சையை விட்டவர் ஒருவர் கூடுவார்; இன்னொரு மாவட்டத்தில் காக்கத் தவறிய குழந்தை ஒன்று கூடும்.

முடிவுரை

இந்தியாவின் கணக்கு நோயிலிருந்து ஊசிக்கும், ஊசியிலிருந்து நோயாளிக்கும் வளர்ந்திருக்கிறது. இனி அது இடம்பெயரும் நோயாளியோடு பயணிக்க வேண்டும். அதற்குப் பதிவில் பணியிடம், சொந்த மாவட்டம் இரண்டும் இடம்பெற வேண்டும். பரிசோதனை முடிவு எந்நிலையிலும் வேலை தருபவர் கைக்குப் போகக் கூடாது. எச்.ஐ.வி. தொற்றாளர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் தரும் ரகசியக் காப்பை ஹெபடைடிஸ் தொற்றாளர்களுக்கும் அரசு வழங்க வேண்டும். வேலை போய்விடும் என்ற அச்சம் இருக்கும்வரை தொழிலாளர் பரிசோதனைக்கு வரமாட்டார். அவர் வராதவரை நாம் உலகுக்குத் தரும் எண் முழுமையாகாது.