வாந்திபேதியும் சோடா உப்பும்: ஒரு பழைய பாடத்துக்குத் திருத்தம்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "சார், 2022-இல நம்ம காரைக்கால்ல காலரா வந்தப்ப எங்க மாமனாரை ஆஸ்பத்திரியில சேர்த்தோம். போனது வயிறுதான். ஆனா ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கினார். அது ஏன் சார்?"

அந்த வருடம் ஜூலை 3-ஆம் தேதி பொது சுகாதார அவசரநிலை அறிவித்ததும், பள்ளிகளை மூடியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அவள் கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான், வகுப்பில் நான் தவறாகச் சொல்லிக்கொடுத்த ஒன்று உறைத்தது. "காலரா கிருமி குடலை அரித்துவிடும்" என்று பல வருடங்கள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது சரியல்ல. சரியான கதை இதோ.

1831-இல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது, வில்லியம் ஓஷாக்னசி என்ற 22 வயது மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். அதில் தண்ணீர் குறைந்திருந்தது, உப்பு குறைந்திருந்தது, காரமும் குறைந்திருந்தது. போனதைத் திரும்பக் கொடுங்கள் என்றார். மறு வருடமே ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா உப்புநீரை நரம்பில் ஏற்றிச் சிலரைப் பிழைக்க வைத்தார். ஆனால் மருத்துவ உலகம் அதை விரைவில் மறந்துவிட்டது. ஓஷாக்னசி கல்கத்தாவுக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். பிற்பாடு இந்தியாவில் தந்திக் கம்பி போட்டவரும் அவர்தான். செய்தி அனுப்பும் கலையில் வல்லவரான அவருக்கே, காலராவும் ஒரு செய்திக் கோளாறுதான் என்று தெரிந்திருக்க வழியில்லை.

1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் கிருமியை அடையாளம் கண்டார். அது நஞ்சு கக்கும் என்று ஊகித்தார். அதை நிரூபிக்க 75 வருடம் ஆனது. நிரூபித்தவர் ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த சம்பு நாத் டே. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு பக்கமும் நூலால் கட்டி, கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாமல் அதற்குள் செலுத்தினார். குடல் நீர் கோத்து வீங்கியது. கிருமி தேவையில்லை, அது விட்டுச்சென்ற பொருளே போதும். 1959-இல் 'நேச்சர்' இதழில் அது வெளியானது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவரை நோபலுக்கு ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்தார். நம் நாட்டு விஞ்ஞானக் கழகம் எதுவும் அவரைத் தன் உறுப்பினராக்கவில்லை. 1985-இல் காலமானார்.

அந்த நஞ்சு செய்வது என்ன? நம் செல்கள் ஒன்றோடொன்று வேதிப்பொருள்களால் பேசிக்கொள்கின்றன. குடல் செல்லின் வெளிச்சுவரில் செய்தியை வாங்க ஓர் ஏற்பி இருக்கிறது. "நீர் விடு" என்ற செய்தி வந்ததும், உள்ளே ஜி-புரதம் என்ற சுவிட்ச் விழுகிறது. அது சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற இரண்டாவது தூதரை உண்டாக்குகிறது. குளோரைடு வெளியேறும் வழி திறக்கிறது, பின்னாலேயே சோடியமும் தண்ணீரும் போகின்றன. வேலை முடிந்ததும் சுவிட்ச் தானே அணைந்துவிடும். காலரா நஞ்சு அந்தச் சுவிட்சை அணைய விடாமல் செய்துவிடுகிறது. யாரும் அனுப்பாத கட்டளை ஓயாமல் ஓடுகிறது. செல் சாகவில்லை, குடல் அரிக்கப்படவும் இல்லை. மூடாத குழாய் மாதிரி மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகலாம்.

அந்த நீரோடு பைகார்பனேட் என்ற காரமும் போகிறது. நம் வீட்டு ஆப்பசோடா சோடியம் பைகார்பனேட்தானே! இரத்தத்தின் பி.எச். அளவு 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்க அது வேண்டும். காரம் போனால் இரத்தம் அமிலப் பக்கம் சாயும். உடம்பு அதைச் சரிக்கட்ட, கார்பன் டை ஆக்சைடை வேகவேகமாக வெளியே ஊதித் தள்ளும். அம்மா, உன் மாமனாருக்கு மூச்சு வாங்கியது அதனால்தான். லிட்மஸ் தாள் சிவப்பானதைக் காட்டினேனே தவிர, இதைச் சொல்லித்தரவில்லை.

சரி, சுவிட்ச் கெட்டபின் குடிக்கும் தண்ணீர் எப்படி உள்ளே போகும்? அங்கே இன்னொரு வாசல் உண்டு. சர்க்கரையோடு சேர்ந்து வந்தால் சோடியம் அதன் வழியே உள்ளே போகும், தண்ணீரும் கூடவே போகும். நஞ்சு அந்த வாசலைத் தொடுவதில்லை. 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, திலீப் மஹலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. பிறகு 1984-இல் பொட்டலத்தில் சோடா உப்புக்குப் பதில் சிட்ரேட் வந்தது. அது சீக்கிரம் கெடாது, கல்லீரல் அதைப் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. நான் மூன்றாம் வகுப்பு படிக்கையில் எங்கள் சித்தப்பாவுக்கு வாந்திபேதி. "தண்ணி, தண்ணி" என்று கேட்டார். குடித்தால் இன்னும் போகும் என்று பெரியவர்கள் கொடுக்கவில்லை. செம்பு திண்ணையில்தான் இருந்தது. விடியுமுன் போய்விட்டார். அவர்கள் மீது கோபமில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.

வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீரை நிறுத்தாதீர்கள். உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவு கொதித்து ஆறிய நீரில் முழுதாகக் கரையுங்கள். டம்ளரில் பாதிப் பொட்டலம் என்று கண்ணளவு வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பழைய நோட்டு யாரிடமாவது இருந்தால், "அரித்துவிடும்" என்ற வரியை அடித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்