எட்டாத பருப்பு டப்பா

போன வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் காலை. மேல் தட்டில் இருந்த துவரம்பருப்பு டப்பாவை எடுக்க என் துணைவியார் முக்காலி மேல் ஏறினார். முக்காலி சாய்ந்தது. இடது மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் கரண்டி என் கைக்கு வந்தது.

முதல் நாளே பாடம் ஆரம்பம். காபித்தூள் மேல் தட்டில், சர்க்கரை கீழ் அலமாரியில், ஃபில்டர் எதிர்ச் சுவரில். ஒரு தம்ளர் காபிக்கு இத்தனை நடை! இந்த நடையை அவர் இத்தனை வருஷமாக நடந்திருக்கிறார். அதைவிட உறுத்தியது வேறு. நான் கட்டட வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வீட்டின் வரைபடமும் நான் போட்டதுதான். தட்டுக்கும் பரணுக்கும் கோடு இழுத்தேனே தவிர, அவர் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போது எங்கள் அப்பாயியின் அடுக்களை நினைவுக்கு வந்தது. கும்பகோணம் பக்கத்துக் கிராமம். அப்பாயி மணையில் உட்கார்ந்துதான் சமைப்பார். வலப்பக்கம் அஞ்சறைப்பெட்டி. இடப்பக்கம் உப்பு மரவையும் புளிப்பானையும். உப்பும் புளியும் உலோகத்தை அரிக்கும். அதனால் ஒன்றுக்கு மரம், ஒன்றுக்கு மண். பாலும் தயிரும் பூனைக்கு எட்டாமல் உறியில் தொங்கும். அன்றாட அரிசி பக்கத்துப் பானையில். வருஷத்து நெல் பத்தாயத்தில். பரணில் இருந்தவை விசேஷத்துக்கு எடுக்கும் அண்டா, தவலைகள் மட்டும். அவற்றை இறக்க ஆம்பளைப் பிள்ளைகளைக் கூப்பிடுவார். தினமும் வேண்டியது கையருகே, எப்போதாவது வேண்டியது உயரத்தில். இதுதான் அவர் கணக்கு. ஆனால் விறகுப் புகையில் அவர் கண் எரிந்ததையும் நான் மறக்கவில்லை.

அந்தப் புகைக்கு முடிவு கட்டியது கேஸ். 1965ல் கல்கத்தாவில் இண்டேன் முதல் இணைப்பைக் கொடுத்தது. மெல்ல மெல்ல நம் ஊர்களுக்கும் சிலிண்டர் வந்தது. அடுப்பு மேடைக்கு ஏறியது. சமைப்பவரும் எழுந்து நின்றார். டப்பாக்களும் சுவரோடு மேலே போயின. அப்பாயியின் கணக்கு மட்டும் கூடவே போகவில்லை. என்னைப் போன்றவர்கள் அதை வரைபடத்தில் சேர்க்கவே இல்லை.

சேர்த்தவர் ஒருவர் உண்டு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்கரெட்டே ஷுட்டே லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர். முதல் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பஞ்சத்தில் தவித்த ஜெர்மனியில், ஃபிராங்க்ஃபர்ட் நகரம் கட்டிய குடியிருப்புகளுக்காக 1926ல் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான். ரயிலின் உணவுப் பெட்டியில் உள்ள சமையலறை அவருக்கு முன்மாதிரி. அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்குப் பிடி வைத்த அலுமினியப் பெட்டிகள். உருவி எடுத்து அப்படியே பாத்திரத்தில் கொட்டலாம். மாவில் புழு வைக்காமல் இருக்க, அதற்கு மட்டும் ஓக் மரம். நறுக்கும் மேசை ஜன்னலோரம், உட்கார ஒரு சுழல் முக்காலி. சுமார் 10,000 வீடுகளில் இந்தச் சமையலறை அமைந்தது. அப்பாயி பழக்கத்தில் செய்ததை இந்த அம்மையார் அளவெடுத்துச் செய்தார்.

கட்டு பிரித்து, கை தேறியதும் துணைவியாரை மேடைக்கு முன் நிற்கச் சொன்னேன். கையை நீட்டச் சொல்லி, தோள் உயரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு, முழங்கால் உயரத்தில் இன்னொன்று போட்டேன். தினமும் எடுக்கும் அத்தனையும் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்தன. பெரிய குக்கரும் விசேஷப் பாத்திரங்களும் பரணுக்குப் போயின. சர்க்கரையை நான் வலப்பக்கம் வைத்தேன். அவர் எடுத்து இடப்பக்கம் வைத்துவிட்டு, "இதை வீடு கட்டும்போதே கேட்டிருக்கலாமேங்க" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. உங்கள் வீட்டிலும் சமைப்பவரை ஒருமுறை கையை நீட்டச் சொல்லிப் பாருங்கள். சாக்பீஸ் ஒன்று போதும்.