நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம்?

கடலூர் மாவட்டத்தில் பூமிக்கடியில் தண்ணீர் அழுத்தத்தோடு கிடந்தது. குழாய் இறக்கினால் பல இடங்களில் தானாகப் பொங்கியது. 1956இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனம், சுரங்கத்தின் அடித்தளம் பிளந்துவிடாதிருக்க அந்த நீரை இராப்பகலாக இறைத்தது. நீர்மட்டம் இறங்கியது. காசுள்ளவன் ஆழமாய் போர் போட்டான். எங்க சேரிக் கைப்பம்பு காத்துதான் கக்கியது.

1927இல் மகாடு குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்து அம்பேத்கர் உரிமையை நாட்டினார். பூமிக்குள் இருக்கிற தண்ணீரை எப்படி அள்ளுவது? 1882 வசதியுரிமைச் சட்டப்படி நிலம் எவனுடையதோ, அடிநீரும் அவனுடையது.

கிணறு தோண்ட அனுமதி வாங்கச் சொன்ன 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு நிலத்தடி நீர்ச் சட்டம், நடைமுறைக்கு வராமலே 2013இல் ரத்தானது. அதைப் பற்றி நான் வாய் திறந்தபோது, "உனக்கென்னடா, நிலமா இருக்கு?" என்றார் ஊர்க்காரர் ஒருத்தர். அதுதானே கேள்வி. நிலமில்லாதவனுக்கும் தாகம் உண்டு. இனி எழுதுகிற சட்டம் அங்கிருந்து ஆரம்பிக்கணும்.